தேதி பின்னர் அறிவிக்கப்படும்

நீலக்காரன் நேற்று ராத்திரி ஒரு முன்னோட்டம் விட்டான்.
மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் மழை.
மழைக்கோட்டு போட்ட ஒருத்தி தெருவில் நடக்கிறாள்,
தேங்கிய தண்ணீரில் கடை விளக்கெல்லாம் கலங்கித் தெரிகிறது.
அழகுதான். இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் அவ்வளவு மழைக்கும் அந்த ஊரில்
ஒரு வாய்க்கால் உடையவில்லை,
ஒரு கதிர் சாயவில்லை.
கூத்தாநல்லூரில் இருந்துகொண்டு
இந்த மழையை நான் எப்படி நம்புவது?

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்:
எனக்குக் கட்சி இல்லை.
நீலக்காரன், பச்சைக்காரன், சிவப்புக்காரன்,
மூன்று பேரிடமும் ஏமாந்தவன்.
சிவப்பு என்றால் எங்கள் பக்கம் வேறு அர்த்தம்.
அந்தச் சிவப்புக்காரர்கள் கூலியை ஏற்றச் சொல்வார்கள்.
இந்தச் சிவப்புக்காரன்
விலையை இறக்கவே மாட்டான்.
ஏழு வருஷத்துப் பழைய ஆட்டம், இன்றைக்கும் அதே காசு.
சந்தையில் கத்தரிக்காய்கூடப்
பொழுது சாய்ந்தால் இறங்கி வருகிறது.
ஆனாலும் தொழில் சுத்தம்.
அவன் ஆட்டத்தில் ஒருமுறை குதித்தால்
கட்டைவிரலுக்கே சிரிப்பு வரும்.

பச்சைக்காரன் விற்பதில்லை, குத்தகைக்கு விடுகிறான்.
மாதாமாதம் கட்டினால் நூற்றுக்கணக்கில் ஆட்டம்.
துபாயில் கிரேன் ஓட்டும் ஜெகபர் சாதிக்,
என் இயந்திரத்தைக் கைலிகளுக்கு நடுவே
சுருட்டிக் கொண்டுவந்து தந்தவன்,
“அள்ளுடா” என்றான்.
அள்ளினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால்
பாதி முடித்திருந்த ஆட்டம் பட்டியலில் இல்லை.
குத்தகை நிலத்தில் தென்னை வைத்தவனுக்கு
என்ன ஞாயம் கிடைக்குமோ அதுதான் எனக்கும்.

நீலக்காரனுக்கு வேறு வியாதி.
பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து
புதுமனைப் புகுவிழா என்று பத்திரிகை நீட்டுவான்.
நானும் மொய்யோடு போவேன்.
மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரே வீட்டுக்கு.

இப்போது பெட்டியைத் திறந்தால் உள்ளே தட்டே இல்லை.
ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு எண்.
மிச்சமெல்லாம் வானத்திலிருந்து இறங்க வேண்டும்.
நூற்றுப்பத்து ஜிபி.
மேட்டூரில் திறந்ததாகச் செய்தி வந்து
எத்தனை நாள் கழித்துக் கடைமடை நனையும்?
அந்த வேகம்.
தொண்ணூற்றாறு சதவீதத்தில் கரண்ட் போகும்.
வெண்ணாற்றுப் பாலத்தில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினால்
முதல் நாளே ஒட்டுப்போட இன்னொரு முப்பது.
சட்டையை விற்றுவிட்டு
ஊசிநூலைப் பின்னால் அனுப்புகிறவர்கள்.

உண்மையில் நான் காத்திருப்பது ஒன்றுக்குத்தான்.
நாலே பேர் எங்கேயோ உட்கார்ந்து செய்கிறார்கள்.
சுட வேண்டாம், வெட்ட வேண்டாம்.
ஒரு படகு. போகிற வழியெல்லாம் மதகுகள்.
திறக்க வேண்டும், மூட வேண்டும்.
திருகு சுற்றும்போது துரு முனகுகிற சத்தம்
அப்படியே இருக்கிறது.
யாரோ ஒருவன் மதகுப் பக்கத்தில் நின்று
காதால் கேட்டிருக்கிறான்.
இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

பகலில் நான் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
பருவத்துக்கு மட்டும்.
என் கையில் ஈரப்பதக் கருவி,
அதிலும் ஒரு குட்டித் திரை, எண்கள்.
பதினேழைத் தாண்டினால் நெல்லைத் திரும்பக் காயவைக்க வேண்டும்.
இன்று பதினாறரை காட்டியது. சாக்கு வரவில்லை.
பதினோரு நாளாகக் குவியலோடு கிடக்கும்
ராயநல்லூர் செங்கமலம் கேட்டார்:
“எப்பத் தம்பி எடை போடுவீங்க?”
“தேதி பின்னாடி சொல்லுவாங்கம்மா.”
“யாரு?”
எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
படகுக்காரர்கள் மூன்றாம் முறையும் தள்ளிவிட்டார்கள்.
பொறுமைக்கு நன்றியாம்.
வழக்கமாகத் திரையைப் பார்த்துக்
கெட்ட வார்த்தை ஒன்று சொல்வேன்.
இன்றைக்கு வாய் வரவில்லை.

நீலக்காரனின் மழைக்கு முன்பணம் கட்டிவிட்டேன்,
ஐயாயிரத்துச் சொச்சம். திட்டிக்கொண்டேதான்.
கட்டி முடித்த கையோடு
வெளியில் தகரத்தில் தூறல் விழும் சத்தம்.
செங்கமலத்தின் தார்ப்பாயில்
வலது ஓரம் ஒரு கிழிசல் இருந்தது,
சாயங்காலம் பார்த்தேன்.